நெடுந்தீவில் ஒரு தவக்காலம்

2024 பெப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். திருப்பலி முடிந்ததும், கோயிலுக்கு நடந்து வர முடியாதவர்களுக்கு விபூதி பூசப் பங்குத்தந்தையோடு வீடு வீடாகப் போனேன். பவளக்கல் மதில்களுக்கு நடுவே போகும் ஒழுங்கைகளில் ஒதுங்க நிழல் இல்லை. பல வீடுகளில் முதியவர்கள் மட்டுந்தான் இருக்கிறார்கள். படிக்க யாழ்ப்பாணம் போன பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலிலுள்ள இத்தீவில் ஊழியம் என்பது பெரும்பாலும் இப்படி வாசல்களில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுதான். அதை நான் மனமுவந்து செய்கிறேன்.

கரையோர வீடொன்றில் ஓர் அக்கா, கிழிந்த நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு, ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பால்மா டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின இரவு இந்தியக் கரையிலிருந்து இழுவைப் படகுகள் வந்து போயிருக்கின்றன. வலையின் பெரும்பகுதி அவற்றோடு போய்விட்டது. கரைக்கு வந்தது மிதவைக் கயிறும் ஓரத்துக் கண்ணிகளும் மட்டும்.

"ஈயமாவது மிஞ்சியது சிஸ்டர். அடுத்த வலைக்கு ஆகும்" என்றார். போன வலைக்கு வாங்கிய கடனே இன்னும் கட்டி முடியவில்லையாம். நெற்றியில் விபூதி பூசும்போதும் கை ஈயத்தை விடவில்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்து இம்முறை யாரும் வரமாட்டார்களாம். எல்லை தாண்டி வந்த படகோட்டிகளுக்கு இங்கே சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து அங்குள்ள மீனவர்கள் எடுத்த முடிவு.

செய்தியைக் கேட்டுக் கோயில் முற்றத்தில் சிலர் "நல்லதுதான்" என்றார்கள். வலை இழந்தவர்களின் வாயிலிருந்து அது வருவதில் எனக்கு வியப்பில்லை. இலங்கையில் இழுவைமடி 2017ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் இரவில் கடலடியை அது வாரிக்கொண்டு போவதை இவர்கள் கரையிலிருந்தே கேட்கிறார்கள். ஆச்சி ஒருவர் மட்டும் முகம் வாடிப்போனார். அவருடைய இளமையில் அக்கரை உறவுகளைக் கண்டு பேசுவதற்கு இருந்த ஒரே இடம் அந்தோனியார் திருவிழாதான்.

பெப்ரவரி 24, சனி, இரவு

கச்சதீவிலிருந்து திரும்பிவிட்டோம். களைப்புத் தீரவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

285 ஏக்கர் நிலம், குடியிருப்பவர் எவருமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் கடல் வழியே கொண்டுபோக வேண்டும். நேற்று மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, திருப்பலி, பிறகு சுரூபப் பவனி. இன்று காலைத் திருப்பலி தமிழிலும் சிங்களத்திலும். சிங்கள யாத்திரிகர்கள் எங்கள் பிள்ளைகளின் பாட்டை மிகவும் பாராட்டினார்கள்.

அக்கரைப் படகுகள் வந்து நிற்கும் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 உடன்படிக்கை, இந்திய யாத்திரிகர்கள் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் இங்கே வரலாம் என்கிறது. அந்தோனியாருக்கு இத்தீவில் முதன்முதலில் கோயில் எழுப்பியவரும் இராமநாதபுரக் கரையைச் சேர்ந்தவர்தான். அவருடைய ஊர்க்காரர்கள் இல்லாமல் கொடியிறக்கம் நடந்தது. ஒரு திருவிழாவைக் கோபத்துக்கு விலையாகக் கொடுக்கும் நிலைக்கு இரு கரைகளும் வந்திருப்பது எனக்கு ஆறாத துயரம்.

மார்ச் 3, ஞாயிறு

மறைக்கல்வி வகுப்பில் பகைவருக்காகச் செபிப்பது பற்றிய பாடம். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "அப்பாவின் வலையை அறுத்தவர்களுக்காகவும் செபிக்க வேண்டுமா சிஸ்டர்?" என்று கேட்டான். வகுப்பே என்னைப் பார்த்தது.

ஆமாம் என்றேன். செபிக்கிறோம் என்பதற்காக அவர்கள் செய்தது சரியென்று ஆகிவிடாது, வலை அறுந்ததை ஆண்டவரிடமும் சொல்லலாம், அதிகாரிகளிடமும் சொல்லலாம் என்றேன். பிறகு புனித யோசேப் வாஸின் கதையைச் சொன்னேன். இங்கே ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த 1687இல், அவர் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் கடல் கடந்து வந்தார். யாழ்ப்பாணத்தில் மறைந்திருந்த விசுவாசிகளை வீடு வீடாகத் தேடிப்போனார். பையன் யோசித்துவிட்டு, "அவரும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தாரா?" என்றான். கேள்வியை அவனே வீட்டுக்குக் கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

காற்று பலமாக இருந்ததால் படகு ஓடவில்லை. இங்கே வரும் படகுகள் புறப்படும் குறிகட்டுவான் துறையில் மருந்து காத்துக்கிடக்கிறது. மாலையில் செபமாலை.

மார்ச் 24, ஞாயிறு

குருத்து ஞாயிறு. விசுவாசிகள் மன்றாட்டை வாசிக்க ஈயக் குண்டு கழற்றிய அக்காவைத்தான் கேட்டிருந்தேன். சிறையிலிருக்கும் படகோட்டிகளுக்காக ஒரு மன்றாட்டு எழுதிக் கொடுத்தேன். தாளைப் படித்துப் பார்த்தவர், "எங்கள் வலைக்காகவும் ஒன்று எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிப்பேன்" என்றார். அவர் கேட்டது நியாயம். அங்கேயே எழுதினோம், சொற்கள் பெரும்பாலும் அவருடையவை.

"ஆண்டவரே, சிறையிலிருப்பவர்களை அவர்களுடைய மனைவி மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தருளும். அவர்கள் மறுபடியும் எங்கள் கடலை வாராதபடி அவர்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டியருளும்."

வாசிக்கும்போது அவர் குரல் தடுமாறவில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்ற பதில் பெண்கள் பக்கமிருந்து பலமாக எழுந்தது. ஆண்கள் பக்கத்தில் பாதிப்பேர் வாய் திறக்கவில்லை. ஒருவர் குருத்தோலையை இருக்கையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவருடைய வலைகளும் போனவைதான். நாளை காலை முதலில் அவர் வீட்டுக்குப் போகிறேன். அக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.