அலர்ட்டுக்கு 16 கிலோமீட்டர்

அக்டோபர் 30

1991-இல் இதே நாள். கனடா விமானப்படையின் ஹெர்குலீஸ் சரக்கு விமானம் ஒன்று கிரீன்லாந்தின் தூலே தளத்தில் டீசல் ஏற்றிக்கொண்டு, கனடாவின் எல்ஸ்மியர் தீவின் வடமுனையிலுள்ள அலர்ட் ராணுவத் தளத்துக்குப் போனது. அங்கே அக்டோபர் நடுவிலேயே சூரியன் மறைந்துவிடும். பிறகு பிப்ரவரி கடைசியில்தான். ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து இறங்கும் முறையில் வந்தார்கள். இடையிலிருந்த மேடு இருட்டில் தெரியவில்லை. சுமார் 16 கி.மீ. தள்ளி மோதியது. விமானத்தில் 18 பேர். நால்வர் அப்போதே இறந்தார்கள்.

அக்டோபர் 31

16 கி.மீ. என்றால் பக்கம்தானே என்று தோன்றும். பனிப்புயல், இருட்டு, நடுவே பள்ளத்தாக்குகள். தரைவழிக் குழு சுற்றிச் சுற்றித்தான் வர முடிந்தது. காற்றின் வேகத்தால் பாராசூட்காரர்களும் உடனே குதிக்க முடியவில்லை. உதவி கிடைக்க 30 மணி நேரத்துக்கு மேலானது. அதற்குள் விமானத் தலைவர் குளிரிலேயே இறந்தார். 13 பேர் பிழைத்தார்கள்.

பெரும்பாலோர் ஒதுங்கியது உடைந்த வால்பகுதியில். அது காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். வெறும் உலோகத்தில் உட்கார்ந்தால் உடம்புச் சூட்டை அது உறிஞ்சிவிடும். ஆகவே மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பதுதான் முதல் வேலை: இருக்கை மெத்தை, பாராசூட் துணி, சரக்கின் அட்டை. ஹெர்குலீஸின் உட்சுவரில் மெத்தைபோல் தைத்த காப்புப் போர்வை இருக்கும், கத்தியால் அறுத்தெடுக்கலாம். குளிர்காப்பு உடை சரக்கோடு கட்டிக் கிடந்தால் பயனில்லை, மோதலில் எங்கே போய் விழும் என்று யார் கண்டது?

விமான எரிபொருளிடம் கவனம். ஜெட் ஏ-1 உறைவது மைனஸ் 47 டிகிரியில். மைனஸ் 30-இலும் திரவமாகவே இருக்கும். கையுறை நனைந்தால் விரல் சில நொடிகளில் உறைந்துவிடும்.

நவம்பர் 1

விமானம் விழுந்த இடத்தை அறிவிக்கும் அவசர ஒலிபரப்பி (ஈ.எல்.டி.). இன்றைய கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 50 நொடிக்கொருமுறை அடையாள எண்ணோடு செயற்கைக்கோளுக்குச் சொல்லும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. நெருங்கி வரும் மீட்பு விமானம் திசை பிடிக்க மட்டுமே அது.

ஒலிபரப்பி நன்றாக இருந்தும் அதன் சிக்னல் வெளியே போகாமல் போவதுண்டு. மோதலில் ஆன்டெனா முறியும், அல்லது அதற்குப் போகும் கேபிள் அறுந்துவிடும். சுவிட்சைக் கையால் 'ஆன்' செய்துவிட்டு, கேபிளைக் கடைசிவரை தடவிப் பாருங்கள். கழற்றி எடுக்கக்கூடிய வகை என்றால் அதனோடு வரும் சிறு ஆன்டெனாவை மாட்டி, உலோகத்திலிருந்து தள்ளி நிமிர்த்தி வையுங்கள். பையில் வைத்திருக்கும் தனிநபர் அவசர ஒலிபரப்பி வேறு. அதன் பேட்டரிக்குக் குளிர் ஆகாது; உள்சட்டைக்குள் இருக்கட்டும்.

நவம்பர் 3

மீட்புக்குழு வந்த பிறகும் ஆள் சாகலாம். நடுக்கம் நின்றுவிட்டவரை, 'தேறிவிட்டார்' என்று எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. உடலின் உள்வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். ஒரு முரட்டு அசைவிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். படுக்கவைத்தே தூக்குங்கள். சூட்டுப் பைகள் மார்புக்கும் அக்குளுக்கும். கை கால்களுக்கு அப்புறம்.

உறைந்த பாதத்தைத் தேய்க்க வேண்டாம். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்கவே வேண்டாம். உருகி மீண்டும் உறைந்த தசைக்குத்தான் சேதம் அதிகம். தளத்தில் 37 முதல் 39 டிகிரி நீரில், பாதம் தொட்டியின் அடியில் படாமல் அமிழ்த்துங்கள். தண்ணீர் ஆறியதும் பாதத்தை வெளியே எடுத்துவிட்டே வெந்நீர் கலக்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும். வலிமருந்தை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.