சாய்ந்த பல்
எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார் டாக்டர். மூன்று வருடத்துக்கு முன் பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் இடம் காலியாக இருக்க, பக்கத்துப் பல் அதற்குள் எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்து நிற்கிறது. மேல்பல்லும் எதிரில் கடிக்க ஆளில்லாமல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டதாம்.

உள்ளேதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டது என் தப்பு.

பல் போன இடத்தில் தாடை எலும்பும் கரையும் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பொய்ப்பல் என்றால், இரண்டு பக்கமும் நல்ல பற்களைச் சீவ வேண்டும், அதற்கு மனசு வரவில்லை. சரி, தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கும் இம்ப்ளான்ட்தான். டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டிப் பிடிக்கவே 3 முதல் 6 மாதம், அப்புறம்தான் மேலே கிரவுன் என்கிற செயற்கைப் பல்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நாக்கு அந்தப் பள்ளத்தையே தடவிக்கொண்டிருக்கிறது.