13 கோல் அடிச்சவன் தோத்துட்டானா?

மெல்போர்னுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அங்கே எப்படி இருக்கிறது என்று ஊரில் யார் கேட்டாலும் நான் வாடகை, குளிர் எல்லாம் சொல்வதில்லை, நேராக ஃபுட்டியில்தான், அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பாலில்தான் ஆரம்பிப்பேன். நம்ம கால்பந்து என்று நினைத்துவிட வேண்டாம். இதில் பந்து கோழிமுட்டை மாதிரி இருக்கும். பிடிக்கலாம், உதைக்கலாம், எடுத்துக்கொண்டு ஓடலாம், எறிய மட்டும் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தித்தான் அடுத்தவனுக்கு அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு 18 பேர். பந்து உயரமாக வந்தால் முன்னால் நிற்கிறவன் முதுகில் முழங்காலை வைத்து ஏறிப் பிடிக்கலாம், அதற்கு ஃபவுல் கிடையாது, கைத்தட்டல்தான்.

மார்கழி லீவில் ஊருக்கு வந்தபோது இதை வடுவூர் சித்தப்பாவிடம் சொன்னதுதான் வினை. வடுவூர் என்றால் ஏரி, கோதண்டராமர், கபடி. சித்தப்பா ஒரு காலத்தில் பாடிப் போகிற ஆள், இப்போது முட்டிவலித் தைலத்தோடு திண்ணையில் இருக்கிறார். விளையாட்டு என்றால் விதிமுறை வரைக்கும் கேட்காமல் விடமாட்டார்.

"2023 ஃபைனல்ல எங்க டீம் கோலிங்வுட் 12 கோல், பிரிஸ்பேன் 13 கோல். நாங்க ஜெயிச்சிட்டோம் சித்தப்பா."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "13 கோல் அடிச்சவன் தோத்துட்டானா? அம்பயரை அமுக்கிட்டீங்களாடா?"

நாலு கம்பம் நட்டிருப்பார்கள், நடு இரண்டுக்குள் போனால் கோல், அதற்கு 6 பாயிண்ட், ஓரத்துச் சந்தில் போனால் பிஹைண்ட், அதற்கு 1. கோலிங்வுட்டுக்குக் கோலில் 72-ம் பிஹைண்டில் 18-ம் சேர்த்து 90, பிரிஸ்பேனுக்கு 78-ம் 8-ம் சேர்த்து 86. கணக்கைத் திண்ணைத் தூசியில் விரலால் எழுதிக் காட்டினேன். சித்தப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அட, போனஸ்ல ஜெயிச்சிருக்கீங்க."

அவ்வளவுதான் விஷயம்! ஆபீஸில் ஒரு மாதம் படம் போட்டு எனக்கு விளக்கியதை இவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. "கபடில போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வெச்சுட்டுத் திரும்பி வரணும். இவனுங்க குறி தப்புனதுக்குல்ல பாயிண்ட் குடுக்குறானுங்க?" எனக்கும் ரொம்ப நாளாக அதே சந்தேகம்தான். இந்த மேட்ச் சனிக்கிழமை நடக்கும், முந்தின நாள் வெள்ளிக்கிழமையே மாநிலம் முழுக்க அரசு விடுமுறை என்றதும், "அப்ப ஆடுறதுக்கு முன்னாடியே களைச்சுப் போயிடுவீங்க" என்றார்.

நான் கோலிங்வுட் பக்கம் போனதற்கே ஒரு காரணம் உண்டு. அந்த டீமின் பட்டப்பெயர் மேக்பை. மேக்பை என்பது கருப்பு வெள்ளையாக, ஏறக்குறைய நம் காக்கா அளவில் இருக்கும் பறவை. ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு கட்டினால் ஆண்பறவைக்குப் பித்துப் பிடித்துவிடும், சைக்கிளில் போகிறவன் தலையைப் பின்னாலிருந்து வந்து தட்டும், முகத்தை வேறு ஞாபகம் வைத்திருக்கும். என்னை ஒரே வாரத்தில் மூன்று தடவை தட்டியது. அடிக்கிறவன் கட்சியிலேயே சேர்ந்துவிடுவது நல்லதில்லையா?

அங்கே ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கேபிள் டைகளை முள்ளுமுள்ளாகச் செருகிக்கொண்டு போவார்கள். நானும் செருகிக்கொண்டு குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன். "தலையில ஏன்டா விளக்குமாறு?" என்று அப்பா கேட்டதோடு போயிருக்கும். அம்மா போன் பண்ணினாள்.

"காக்கா தலையில தட்டுச்சா? என்னைக்கு?"

வாய் சும்மா இருக்கவில்லை, சனிக்கிழமை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது காக்காவே இல்ல. வேற குடும்பம்."

"கருப்புதானே?"

"பாதி வெள்ளைம்மா."

"சரி, பாதி சனி."

விமானம் இறங்கின மறுநாளே திருநள்ளாறு. விடியற்காலைக் குளிரில் நளதீர்த்தத்தில் தலை முழுகி, எள் தீபம் போட்டு, பாதி சனிக்கு முழுப் பரிகாரம் செய்தாயிற்று.

சித்தப்பாவுக்குப் பென்குயின் கதைதான் இன்னும் செரிக்கவில்லை. மெல்போர்னிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி பிலிப் தீவுக்குப் போனால், பொழுது சாய்கிற நேரத்தில் கடலுக்குள்ளிருந்து ஒரு கிலோ எடையில் முழங்கால்கூட எட்டாத பென்குயின்கள் கூட்டமாக எழுந்து வரும். அலை அடித்தால் திரும்ப உள்ளே ஓடும், கரையில் ஒன்றுக்கொன்று நீ முன்னால் போ என்று நிற்கும், அப்புறம் எல்லாம் சேர்ந்து கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி குடுகுடுவென்று பொந்தைப் பார்த்து ஓடும். போட்டோ எடுக்கக் கூடாது, கண் கூசும் என்று தடை. தலைக்கு டிக்கெட், ஏறக்குறைய இரண்டு சிப்பம் நெல் விற்ற காசு.

"காசையும் வாங்கிட்டு, போட்டோவும் எடுக்க விடலையா? அப்ப நீ பார்த்தேங்குறதுக்கு என்ன சாட்சி?"

சாட்சி இல்லை. அதனால் சாயங்காலம் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் ஆயிரம் தடவை அந்த ஏரியைத் தாண்டியிருக்கிறேன், ஒருநாளும் பறவை பார்க்க இறங்கியதில்லை. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலை எது நாரை எது என்று தெரியவில்லை. அரிவாள் மூக்கன்கள் வரிசை வரிசையாக வந்து இறங்கின, நீர்க்காகங்கள் சிறகை விரித்து வேட்டி காயப்போட்டது போல உட்கார்ந்திருந்தன. பிலிப் தீவு மாதிரி இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை, கையில் மெதுவடையோடு பார்க்கலாம்.

அப்போதுதான் பின்னாலிருந்து படபடவென்று சிறகுச் சத்தம். என்னை அறியாமல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கரையிலேயே குந்திவிட்டேன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பொடியன்கள் சிரித்த சிரிப்பில் நாரையெல்லாம் கிளம்பிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், நம்மூர்க் காக்கா, முழுக் கருப்பு, கீழே விழுந்த வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு கருவேல மரத்துக்குப் போய்விட்டது.

சித்தப்பா சிரிக்காமல் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"முழுசா தூக்கியிருந்தா ஆறு. பாதிதானே? ஒண்ணு போட்டுக்க."