நெல்லைக்கு மேலே ஓடும் மின்னோட்டம்

காலை பதினோரு மணி வாக்கில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர்களின் தலைக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. வெயில் ஏற ஏற அது வலுக்கும், நண்பகலை ஒட்டி உச்சத்துக்கு வரும், சாயங்காலம் அடங்கிவிடும். இதற்கு 1951-ல் இயற்பியலாளர் சிட்னி சாப்மன் வைத்த பெயர் எலெக்ட்ரோஜெட். முனைவர் பட்டம் முடித்தபின் ஐரோப்பாவில் ஒரு ஆய்வுக்குழுவில் நான் செய்துவருவது இந்த மின்னோட்டத்தைப் பற்றிய வேலைதான். "டாக்டர் பட்டம் வாங்கியாச்சுல்லா, இன்னும் என்னத்தப் படிக்கே?" என்று கேட்கும் பெரியம்மாவுக்கும், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி) போகலாமா என்று யோசிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் நம் தலைக்கு மேலே? பூமியின் காந்தக்கோடுகள் துருவங்களில் செங்குத்தாக நிற்கின்றன, காந்த நடுக்கோட்டில் படுக்கைவசமாகக் கிடக்கின்றன. அந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும், 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதும் இதற்காகத்தான். காந்தக்கோடுகள் படுத்துக் கிடக்கும் இடத்தில், அயனி மண்டலத்தின் (சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல்வளியின்) மின்னோட்டம் மேலும் கீழுமாகப் போக வழியில்லாமல் மின்னேற்றம் சேர்கிறது. அது உண்டாக்கும் செங்குத்தான மின்புலம், கிழக்கே போகும் ஓட்டத்தைப் பல மடங்கு பெருக்கிவிடுகிறது. நடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை, தெற்கே மூன்று பாகை, அவ்வளவுதான் அதன் அகலம். அந்தப் பட்டைக்குள்தான் திருநெல்வேலி இருக்கிறது.

இதைப் பார்க்க நான் பயன்படுத்துவது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள். 2013 நவம்பர் 22-ல் மூன்றையும் சேர்த்து ஏவினார்கள். இரண்டு பக்கத்தில் பக்கத்தில் பறக்கின்றன, மூன்றாவது கொஞ்சம் உயரத்தில். மூன்றும் மின்னோட்டத்துக்கு மேலே பறக்கின்றன. அதனால் ஒரு அழகான விஷயம் நடக்கிறது: அதே ஓட்டம் தரையில் காந்தப்புலத்தைக் கூட்டுகிறது, செயற்கைக்கோள் இருக்கும் உயரத்தில் குறைக்கிறது. தரையில் மொத்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அதில் எலெக்ட்ரோஜெட்டின் பங்கு சில பத்துகள், நல்ல நாளில் நூறைத் தாண்டும். பூமியின் உட்கருவிலிருந்து வருவதையும், பாறைகளிலிருந்து வருவதையும், வெளியே காந்த மண்டலத்திலிருந்து (பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளியிலிருந்து) வருவதையும் கணித மாதிரிகளை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்தில் அந்தக் குறைவைக் காட்டும் சின்னப் பள்ளத்தைத் தேட வேண்டும். என் வேலைநாளில் பெரும்பகுதி இந்தக் கழித்தலில்தான் போகிறது. கோடு வரைந்து பார்க்கும்போது காந்த நடுக்கோட்டின் மேல் அந்தப் பள்ளம் சரியாக விழுந்திருந்தால் வருகிற சந்தோஷம் இன்னும் எனக்குக் குறையவில்லை.

ஆனால் செயற்கைக்கோளை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஒன்று, இந்தப் பட்டையைக் கடக்க ஒன்றரை நிமிடம்கூட எடுக்காது. அடுத்த சுற்றுக்கு வருவதற்குள் பூமி சுழன்றிருக்கும், அது நமக்கு ரொம்ப மேற்கே, ஆப்பிரிக்கா பக்கம் போயிருக்கும். அதோடு, அது கடக்கும் உள்ளூர் நேரமும் நாளுக்கு நாள் நகர்கிறது. ஒருமுறை நண்பகல் கடவை (நண்பகலில் பட்டையைக் கடக்கும் ஒரு சுற்று) கிடைத்தால், மறுபடி நண்பகல் கடவை கிடைக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் நம் ஊர் மேலே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அளவு மாறியிருந்தால், இடம் மாறியதாலா நேரம் மாறியதாலா என்று ஒற்றைச் செயற்கைக்கோளால் சொல்லவும் முடியாது. விண்வெளி இயற்பியலில் இது பழைய சிக்கல். காந்த மண்டலத்தை ஆராய கிளஸ்டர் என்று நான்கு செயற்கைக்கோள்களைச் சேர்த்து அனுப்பியது இதற்காகத்தான். முதல் நான்கும் 1996-ல் ராக்கெட்டோடு வெடித்துச் சிதறின. விடாமல் மறுபடி செய்து 2000-ல் ஏவினார்கள்.

அந்த இடைவெளியை நிரப்புவது தரைநிலையம். கிருஷ்ணாபுரம் என்றால் எல்லோருக்கும் கோயில் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் இருக்கிறது. அங்குள்ள காந்தமானி இருந்த இடத்திலேயே இருந்து இரவும் பகலும் அளக்கிறது. அதன் கிடைமட்டப் புல அளவில் ஏற்படும் மாற்றத்திலிருந்து மகாராஷ்டிரத்தில் உள்ள அலிபாக்கின் மாற்றத்தைக் கழித்தால் எலெக்ட்ரோஜெட்டின் வலிமை கிடைக்கும். அலிபாக் பட்டைக்கு வெளியே இருக்கிறது, அதனால் பொதுவான மாற்றமெல்லாம் அடிபட்டுப் போகும். அலிபாக்கின் கதையும் சொல்ல வேண்டியது. 1841-ல் பம்பாய் கொலாபாவில் தொடங்கிய காந்த அளவீட்டை, நகருக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அளவு கெடக் கூடாது என்று அலிபாக்குக்கு மாற்றினார்கள். கொலாபாவில் அளந்ததால்தான் 1859-ன் பெரிய சூரியப் புயல் நம் பக்கம் எப்படித் தாக்கியது என்று இன்று பேச முடிகிறது. மேலே இத்தனை கோள் சுற்றும்போது தரையில் எதற்குச் செலவு என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. விட்டுப்போன ஒரு நாளின் அளவை எந்தச் செயற்கைக்கோளாலும் பிறகு அளந்து தர முடியாது.

இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பது எதிர் எலெக்ட்ரோஜெட். சில நாள் பிற்பகலில் இந்த ஓட்டம் திரும்பி மேற்கு நோக்கிப் போகிறது. தரையில் வரைந்த கோடு இரவு அளவுக்கும் கீழே இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது கூடுதலாகத் தெரிவது உண்டு, ஏனென்றால் நிலவின் ஈர்ப்பு காற்று மண்டலத்திலும் அலை எழுப்புகிறது. அதைவிட வியப்பு, வட துருவத்துக்கு மேலே அடுக்கு மண்டலம் (ஸ்ட்ராடோஸ்பியர்) திடீரென்று சூடாகும் சில குளிர்காலங்களில் அந்த நிலவலை வலுப்பெற்று, இங்கே மின்னோட்டத்தைப் புரட்டுகிறது. 2009 ஜனவரியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. தை மாதம் நெல்லையின் பிற்பகலை ஆர்க்டிக்கின் காற்று தொடுகிறது. நானும் இதை நம்பக் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டேன்.

போஸ்ட்டாக் வாழ்க்கை பற்றி: ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடம், அப்புறம் மறுபடி விண்ணப்பம். அந்த நிச்சயமின்மை வீட்டையும் சேர்த்துப் பாதிக்கும். அது தெரிந்து வாருங்கள்.

ராக்கெட் என்றால் நம் பிள்ளைகளுக்கு மகேந்திரகிரி தெரியும், குலசேகரன்பட்டினம் தெரியும். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதும் தெரியும். பறக்கிற கோள் கொண்டுவரும் தரவை வைத்து என்ன செய்வார்கள் என்பது மட்டும் சொல்லித் தரப்படுவதில்லை. ஸ்வார்ம் தரவு முழுக்க இலவசம், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஆதித்யா தரவையும் இஸ்ரோ பொதுவில் வைக்கிறது. சேவியர்ஸிலோ ஜான்ஸிலோ சுந்தரனார் பல்கலையிலோ இயற்பியல் படிக்கிறவர்களுக்கு ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் பைதான் நிரலாக்கமும் போதும். எழுபத்தெட்டாம் தீர்க்கரேகையை ஒட்டி ஒரு நண்பகல் கடவையை எடுத்து, உட்கருவின் மாதிரியைக் கழித்து வரைந்து பாருங்கள். பள்ளம் தெரிகிறதா, எந்தப் பாகையில் விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.