நூறு ரூபாய் நோட்டும் என் முதல் விளக்கக் கட்டுரையும்

மொரீசியஸ் தீவில் ரோஸ் ஹில்லில் வீடு, தலைநகர் போர்ட் லூயிஸில் வேலை. வீட்டில் பேச்செல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். தமிழை ஒழுங்காக எழுதிப் பழக வேண்டும் என்று போன வருஷம் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது மாதமே விளக்கக் கட்டுரை ஒன்று எழுதி வரச் சொன்னார் ஆசிரியர், தலைப்பு அவரவர் விருப்பம். நான் யோசிக்கவே இல்லை, பணத்தாள் விவகாரத்தை எடுத்துக்கொண்டேன். இங்கே 1998இல் வந்த புது நோட்டுகளில், அதுவரை மேலே இருந்த தமிழை இந்திக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள், தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த கதை என்பதால் ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது "வேண்டுமென்றே" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் "எப்படித் தெரியும்?" கடைசிப் பக்கத்தின் அடியில் "நன்றாக வாதாடியிருக்கிறாய், விளக்கம் எங்கே?" வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டேன். "தம்பி, நம்ம ஊர் நோட்டைக் கண்ணால் பார்க்காத ஒருவர் இதைப் படித்தால், மேலே எது இருந்தது கீழே எது வந்தது என்று அவருக்குப் புரியுமா?" என்றார். திரும்பப் படித்தேன். கோபம் இருந்தது, நோட்டே இல்லை.

அன்று ராத்திரி பர்ஸிலிருந்து நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொரீசியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் முகம். தொகை முதலில் ஆங்கிலத்தில், அதற்குக் கீழே தமிழில், அதற்கும் கீழே இந்தியில். எத்தனையோ தடவை கையில் வாங்கிக் கொடுத்த தாள், அந்த வரிசையை ஒவ்வொரு வரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியதில் முதல் பத்தி வந்துவிட்டது.

அடுத்து வந்ததுதான் கஷ்டம். மூன்று வரியில் இது மேலே, அது கீழே என்பதற்கு ஒரு சமூகமே ஏன் கொந்தளிக்க வேண்டும்? எனக்கு அது சொல்லாமலே தெரியும், படிப்பவருக்குத் தெரியாதே. அதற்கு 1735இல் பிரெஞ்சுக் கவர்னராக வந்த லபூர்தொனே வரைக்கும் பின்னால் போக வேண்டியிருந்தது. அவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்தார்கள், 1834க்கு அப்புறம் ஆங்கிலேயர் ஆட்சியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் கொண்டுவரப்பட்டார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு என்றாலும் வட இந்தியர்கள்தான் மிகுதி. நோட்டில் இருந்த வரிசையைத் தமிழர்கள் இந்த வருகை வரிசையோடு சேர்த்தே பார்த்தார்கள். தீவில் இன்றும் வட இந்திய வம்சாவளியினர்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பதை முதல் தடவை நான் எழுதாமலே விட்டிருந்தேன். நம் பக்கம் பலவீனமாகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். இந்த முறை சேர்த்தேன். சேர்த்த பிறகுதான் அந்தப் பயம் எவ்வளவு பேருக்கு இருந்திருக்கும், ஒரு வரி கீழே போனது ஏன் அவ்வளவு சுட்டது என்பது எனக்கே சரியாகப் பிடிபட்டது.

மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதமாக இருந்தார், அதற்கு மட்டும் இரண்டு சாயங்காலம் போனது. கடைசியில் வந்தது இது: "நோட்டில் மொழிகள் நின்ற வரிசையைத் தமிழர்கள் தங்கள் வரலாற்றுக்குக் கிடைத்த அங்கீகாரமாகக் கருதியதால், அது மாறியபோது எதிர்ப்பு எழுந்தது." யாரையும் திட்டவில்லை, காரணம் உள்ளே இருக்கிறது. இதோடு ஒட்டாத பத்திகளை எடுத்துவிட்டேன், அம்மா சொன்ன ஒரு நல்ல சம்பவமும் அதில் போனது, மனசு கேட்கவில்லை என்றாலும் அது அந்தக் கட்டுரைக்கு உரியதில்லை. "வேண்டுமென்றே" போயிற்று, "அநியாயமாக" போயிற்று.

கொடுப்பதற்கு முன்னால் திருச்சியில் இருக்கும் ஒரு சிநேகிதிக்கு அனுப்பினேன், அவள் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. ராத்திரி பதில் வந்தது: "எல்லாம் புரிந்தது. ஆனால் வாபஸ் வாங்கிய பிறகு என்ன ஆச்சு, அதைச் சொல்லவே இல்லையே?" உண்மைதான். பழைய வரிசையிலேயே, தமிழ் இந்திக்கு மேலே வரும்படி புதிதாக அச்சடித்து 1999இல் வெளியிட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, மறுநாள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.