அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் எதைக் கேட்க வேண்டும்?

பெரியம்மாவின் புற்றுநோய்க்கு இனி நோவைத் தணிப்பதே சிகிச்சை என்று வைத்தியர் கூறிய பின்னர், வெள்ளவத்தையிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய பராமரிப்பு இல்லங்கள் சிலவற்றைப் பார்த்தோம். வரவேற்பறையின் பளபளப்பை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

நான் முதலில் கேட்டது கடும் நோவைத் தணிக்கும் மருந்தான மோர்பினைப் பற்றித்தான். விரைவில் வேலை செய்யும் வாய்வழி மோர்பினை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொடுப்பதே வழக்கம். இடையில் நோவு மீறினால் கொடுப்பதற்கான மேலதிக அளவை வைத்தியர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே தொடங்க வேண்டும். ஓர் இல்லத்தில், இரவில் நோவு கூடினால் காலையில் வைத்தியர் வரும்வரை பொறுக்க வேண்டும் என்றார்கள். அந்த இடம் வேண்டாமென்று அக்காவும் நானும் அங்கேயே முடிவெடுத்தோம்.

அடுத்து, படுக்கையில் இருப்பவர்களின் உதடுகளைக் கவனியுங்கள். அவை காய்ந்து வெடித்திருந்தால், வாயை யார், எத்தனை தடவை துடைத்து ஈரப்படுத்துகிறார்கள் என்று அழுத்திக் கேளுங்கள். புரட்டிப் படுக்கவைத்த நேரத்தைக் கட்டிலருகே குறித்து வைக்கிறார்களா என்பதும் முக்கியம். இரவுப் பணியில் தமிழ் தெரிந்த ஒருவராவது வேண்டும். சிங்களம் சரளமாகப் பேசிய பெரியம்மாவே கடைசி வாரங்களில் தமிழில் மட்டும்தான் பேசினார்.

லண்டனில் 1967 இல் சென்ற் கிறிஸ்தோபர் என்ற அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்த வைத்தியர் சிசிலி சாண்டர்ஸ், நோவு உடலோடு நிற்பதில்லை, மனத்தையும் குடும்பத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே வருத்துவது என்று விளக்கினார். ஆகவே, இரவில் பிள்ளையொருவர் அருகில் தங்கலாமா, ஐயரோ போதகரோ மௌலவியோ வந்து போகலாமா, மரணத்தின் பின்னரும் குடும்பத்தோடு தொடர்பில் இருப்பார்களா என்பவற்றையெல்லாம் கட்டணத்தைப் பேசுவதற்கு முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.