மாட்ரிட்டுக்குப் பணம் அனுப்பும் மாகாணங்கள்

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் டொனோஸ்தியாவின் பழைய நகரத்தில், பின்சோ எனும் சிறுதீனி விற்கும் ஒரு கடை. உலக வரைபடங்களில் இந்த ஊர் சான் செபஸ்தியான் என்றே இருக்கும். நெத்திலி, ஆலிவ், ஊறவைத்த மிளகாய் மூன்றையும் குச்சியில் கோத்த 'கில்டா' ஒன்று சாப்பிட்டு, பில்லை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு க்யூஆர் சதுரம், பக்கத்தில் 'டிபிஏஐ' என்று தொடங்கும் நீளமான எண். போனில் ஸ்கேன் செய்தால் திறந்தது கிபுஸ்கோவா மாகாண வரித்துறையின் தளம். ஸ்பெயின் அரசின் வரித்துறை அந்தப் பில்லில் எங்குமே இல்லை.

கடைக்காரர்கள் வருமானத்தை மறைக்காமலிருக்க, ஒவ்வொரு பில்லும் போடப்படும் நேரத்திலேயே வரித்துறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு இது. பெயர் டிக்கெட்பாய். கிபுஸ்கோவாவில் 2022 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. பாஸ்க் பகுதிக்கு வெளியே ஸ்பெயினில் இது கிடையாது. ஒரு மாகாணம் தன் கடைகளுக்குத் தானே வரிச்சட்டம் எழுதுகிறது என்பதுதான் என்னை இந்தப் பயணம் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. கடற்கரையைக்கூட அரைமனதோடுதான் பார்த்தேன்.

ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் மூன்று மாகாணங்கள்: பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலவா. மூன்றுக்கும் மேலே வித்தோரியாவில் பாஸ்க் அரசு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ் எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் கல்லாப்பெட்டி மாகாணங்களிடம். வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக்கூட்டு வரி என முக்கியமான வரிகளையெல்லாம் வசூலிப்பது அல்துந்தியா எனப்படும் மாகாண அரசு. மதிப்புக்கூட்டு வரியின் விகிதம் மட்டும் நாடு முழுக்க ஒன்றுதான். வருமான வரியையும் நிறுவன வரியையும் மாகாணம் தானே வகுத்துக்கொள்ளும்.

வசூலான பணம் மேல்நோக்கிப் போகிறது. ராணுவம், வெளியுறவு, அரச குடும்பம் போன்று மாட்ரிட் இன்னமும் கையில் வைத்திருக்கும் வேலைகளுக்கான செலவில் பாஸ்க் பகுதியின் பங்காக 6.24 சதவீதத்தைக் கணக்கிட்டு, சில கழிவுகள் போக அனுப்பிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் கூப்போ. 1981இல் நிர்ணயித்த அந்த 6.24 இன்றுவரை மாறவில்லை. மீதியில் சுமார் 70 சதவீதம் வித்தோரியாவுக்கு. எஞ்சியதை மாகாணமும் ஊராட்சிகளும் பிரித்துக்கொள்கின்றன. வசூல் குறைந்துபோனால் மாட்ரிட் கைகொடுக்காது; நஷ்டம் முழுக்க இவர்கள் தலையில். சலுகையை மட்டும் பேசுகிறவர்கள் இந்த ஆபத்தை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இந்த உரிமைக்கு வேர் எங்கே என்று கேட்டால் எல்லோரும் கெர்னிகாவைக் காட்டுகிறார்கள். பிஸ்காயாவின் பில்பாவோ நகரிலிருந்து யூஸ்கோட்ரென் ரயிலில் போனேன். ரயில் பாஸ்க் அரசுக்குச் சொந்தம். அதே ஊருக்குப் போகும் பிஸ்காய்பஸ் பேருந்து மாகாண அரசுடையது. 'பாரிக்' என்ற ஒரே அட்டை இரண்டிலும் செல்லும் என்பதால் யார் வண்டியில் போகிறோம் என்று பயணிக்குக் கவலையில்லை.

கெர்னிகா என்றதும் நமக்கு 1937 ஏப்ரல் 26இன் குண்டுவீச்சும் பிக்காசோவும்தான் நினைவுக்கு வரும். அந்தக் குண்டுகளுக்குத் தப்பிய, பிஸ்காயா மாகாண சபையின் மாளிகையும் அதன் கருவாலி மரமும் ஊரின் மேட்டில் இருக்கின்றன. பிஸ்காயாவின் பிரபு என்ற பட்டத்தைக் காஸ்டில் மன்னர்கள் வைத்திருந்த காலத்தில், இந்த மண்ணின் ஃபுவேரோக்களை, அதாவது வழிவழி வந்த உரிமைச் சட்டங்களை, மதிப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஃபெர்னாந்து மன்னர் 1476இல் இங்கே வந்து அப்படிச் செய்தார். இன்றைக்கும் பாஸ்க் அரசின் தலைவர் பதவியேற்பது இந்த மரத்தடியில்தான். இப்போதுள்ள மரம் 2015இல் நட்ட வாரிசு. பழைய மரத்தின் அடிமரத்தைத் தூண்கள் சூழ்ந்த சிறு மண்டபத்துக்குள் தனியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளே கூடத்தின் கூரை முழுக்க வண்ணக் கண்ணாடி, நடுவில் அதே மரம். 1985இல் செய்தது. எனக்குப் பிடித்தது பக்கத்திலிருக்கும் சபை மண்டபம். தேவாலயமாகவும் பயன்படும்படி கட்டியிருப்பதால் பீடம் ஒருபக்கம், உறுப்பினர் இருக்கைகள் மறுபக்கம், சுவரில் பழைய பிரபுக்களின் ஓவியங்கள். இதைக் காட்சிப்பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். பிஸ்காயாவின் சபை இங்கே இன்றும் கூடுகிறது.

மூன்று மாகாணங்களுக்கும் இப்படி ஒரு சபை உண்டு. ஒவ்வொன்றிலும் 51 பேர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் நாளிலேயே மக்கள் இவர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சபை மாகாணத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் துறைக்கு ஒருவராக அமைச்சர்கள் மாதிரி ஆட்களை வைத்துக்கொள்வார். மாவட்ட நிர்வாகத்தை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது புரிபடக் கொஞ்ச நேரம் ஆகும். மேலிருந்து நியமித்து அனுப்பிய அதிகாரி யாரும் இங்கே ஆள்வதில்லை. வரவுசெலவு, வரிவிதி எல்லாம் சபையின் ஓட்டு.

நடுவில் அறுந்துபோன கதையும் உண்டு. மூன்றாம் கார்லிஸ்டுப் போர் என்ற அரசுரிமைப் போருக்குப் பிறகு 1876இல் மாட்ரிட் ஃபுவேரோக்களை நீக்கியது. வரியை வசூலிக்க ஆள் வேண்டுமே! 1878இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, நீங்களே வசூலித்து எங்கள் பங்கை அனுப்புங்கள் என்றது. தற்காலிக ஏற்பாடாகத்தான் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போரில், 1937 ஜூனில் பிராங்கோவின் படையிடம் பில்பாவோ விழுந்த நான்காம் நாள், அவர் பிஸ்காயாவுக்கும் கிபுஸ்கோவாவுக்கும் துரோகப் பட்டம் கட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்தார். தன் பக்கம் நின்ற ஆலவாவுக்கு அது நீடித்தது. மற்ற இரண்டுக்கும் திரும்பக் கிடைத்தது 1981இல். 2002இல் காலவரையறையே இல்லாத ஒப்பந்தமாகிவிட்டது.

வரி போக, சாலைகள், காடுகள், வேளாண்மை, முதியோர் இல்லங்கள், மாற்றுத்திறனாளி சேவைகள் எல்லாம் மாகாணத்தின் வேலை. பில்பாவோவின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தைக் கட்டப் பணம் போட்டதில் பாஸ்க் அரசுக்கு இணையாகப் பிஸ்காயா அல்துந்தியாவும் நின்றது. கிரான் வியா தெருவில் அந்த அல்துந்தியாவின் மாளிகையைப் பார்த்தால் பணத்தில் கூச்சமில்லாதவர்கள் என்று தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் த்ரெவீன்யோவுக்குப் போக வேண்டும். வித்தோரியாவிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. நான்கு பக்கமும் ஆலவா சூழ்ந்திருக்க, நடுவில் சுமார் 280 சதுர கிலோமீட்டர் மட்டும் பக்கத்து மாநிலமான காஸ்டில்-லெயோனின் புர்கோஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. வயல்களில் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே காப்பி குடித்து வாங்கிய பில்லில் 'டிபிஏஐ' எண் இல்லை. ஆலவாவில் சேர வேண்டும் என்ற குரல் அங்கே பல காலமாக இருக்கிறது. காஸ்டில்-லெயோன் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அண்டை மாநிலமான லா ரியோஹாவுக்கோ வேறு மனக்குறை. பக்கத்து மாகாணம் நிறுவன வரியைக் குறைத்தால் எங்கள் தொழிற்சாலை அங்கே போய்விடாதா என்று பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 2010இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, மாகாண வரிவிதிகளை எதிர்க்க அரசியல் சாசன நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும். அண்டை வீட்டாரின் புகாரில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் தன் வசூலுக்குத் தானே பொறுப்பேற்கும் அரசைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளேயும் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. பாஸ்க் நாடாளுமன்றத்தில் பிஸ்காயாவின் பதினொன்றரை லட்சம் பேருக்கு 25 இடம். ஆலவாவின் சுமார் 3.4 லட்சத்துக்கும் அதே 25. மாகாணங்கள் சரிசமம் என்ற கொள்கைக்காக ஓட்டின் மதிப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மாகாண சபைக்குள்ளும் விநோதம் நடக்கும். 2023இல் கிபுஸ்கோவாவில் 22 இடங்களுடன் முதலில் வந்தது பாஸ்க் விடுதலை கோரும் இடதுசாரிகளின் பில்து கட்சி. மாகாணத் தலைவர் பதவி போனதோ 17 இடம் பெற்ற பாஸ்க் தேசியக் கட்சியின் எய்தெர் மெந்தோசாவுக்கு. சோஷலிஸ்டுகளோடு, ஸ்பானிய வலதுசாரிகளான மக்கள் கட்சியினரும் அவருக்கே ஓட்டுப் போட்டிருந்தார்கள்.